எதை அறிந்தோம்? எவ்வாறு அறிந்தோம்?

வணிகம் செய்வோருக்கு இரண்டு கேள்விகள் பழக்கமானவை. சரக்கின் எடை என்ன என்பது ஒன்று. எடை போட்ட தராசு நேரானதுதானா என்பது மற்றொன்று. முதற் கேள்வியை அனைவரும் நாள்தோறும் கேட்கின்றனர். இரண்டாவது கேள்வி ஐயம் எழும்போது மட்டுமே எழுகிறது. ஆராய்ச்சி உலகிலும் நிலைமை இதுவே. 'என்ன கண்டுபிடித்தார்கள்?' என்று கேட்போர் ஆயிரம் பேர். 'கண்டுபிடித்ததாக எந்த ஆதாரத்தில் சொல்கிறார்கள்?' என்று கேட்போர் ஒருவரோ இருவரோதான். அந்த இரண்டாவது கேள்வியையே தனக்குரிய வேலையாக எடுத்துக்கொண்ட அறிவுத்துறைக்கு அறிவியல் தத்துவம் என்று பெயர்.

'தத்துவம்' என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று வாசகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம் குடும்பங்களில் பட்டப்படிப்பே பெரிதென்று எண்ணப்பட்ட காலம் போய், மக்களும் மருமக்களும் முனைவர் பட்டத்துக்கு ஆராயும் காலம் வந்திருக்கிறது. அவர்கள் இரவு விழித்து எதை எழுதுகிறார்கள், எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருப்பது நல்லது. அவர்களுடைய தயக்கங்களில் மிகக் கடுமையானது பெரும்பாலும் இந்தத் தத்துவத்தின் வாசலில்தான் ஏற்படுகிறது.

நான் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வணிகவியலும் கணக்குப் பதிவியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மகள் தகவல் முறைமைகள் என்னும் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறாள். கடைகளிலும் நிறுவனங்களிலும் கணிப்பொறி புகும்போது அங்குள்ள மனிதர்களும் வேலையும் கணக்கும் எவ்வாறு மாறுகின்றன என்று பார்க்கும் துறை அது. மேலாண்மையின் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்துறை ஆய்வேடுகளில் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயம் ஆய்வு முறையைப் பற்றியதாக இருக்கும். அதன் தொடக்கத்தில், 'இவ்வாய்வு எந்தத் தத்துவ நிலைப்பாட்டில் நின்று செய்யப்பட்டது' என்று எழுத வேண்டும். முன்னே பட்டம் பெற்றோர் சிலருடைய ஆய்வேடுகளை மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்து என்னிடம் காட்டினாள். தலைப்புகள் வேறு, ஊர்கள் வேறு, ஆண்டுகள் வேறு. ஆனால் தத்துவம் பற்றிய இரண்டு பக்கங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போல் இருந்தன. 'நீயும் அதையே மாற்றி எழுதிவிடு. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை' என்று அவளுக்கு ஒருவர் அறிவுரையும் சொல்லியிருந்தார்.

"யாரும் படிக்காத பக்கத்தை எதற்காக எழுதச் சொல்கிறார்கள், அத்தா?" என்று அவள் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி, ஏறத்தாழ ஓராண்டு காலம், இஷாத் தொழுகைக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம். அந்தப் படிப்பில் தெளிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மேலாண்மை கற்ற எவரும் 'ஹாதார்ன்' என்னும் பெயரைக் கேட்டிருப்பர். அமெரிக்காவில் சிகாகோ நகரையடுத்த சிசரோவில் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலையின் பெயர் அது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் அந்த ஆலையில் தொலைபேசிக் கருவிகள் உருவாயின. 1924ஆம் ஆண்டு அங்கே எளிய கேள்வி ஒன்றோடு சோதனை தொடங்கிற்று: வெளிச்சம் கூடினால் வேலை கூடுமா? ஒரு குழுவினருக்கு விளக்கொளியைக் கூட்டினர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றொரு குழுவினருக்கு மாற்றாது விட்டனர். இரு குழுக்களிலும் உற்பத்தி உயர்ந்தது. இரண்டு பெண்களைத் தனியே அமர்த்தி, நிலவொளி அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தபோதும் அவர்களுடைய வேலை குன்றவில்லை என்று பதிவாகியிருக்கிறது.

1927இல் மற்றொரு சோதனை. தொலைபேசியில் பயன்படும் 'ரிலே' என்ற சிறு மின்கருவியைப் பூட்டும் பெண்கள் ஐவரும், அவர்களுக்கு உறுப்புகளை எடுத்துக் கொடுக்கும் ஒருவரும் தனி அறைக்கு மாற்றப்பட்டனர். ஏறத்தாழ 35 உறுப்புகள் கொண்ட அக்கருவி ஒன்றைப் பூட்ட ஒரு நிமிடம் அளவே ஆகும். அவர்களுக்கு இடையிடையே ஓய்வு தந்தனர்; சிற்றுண்டி தந்தனர்; வேலை நேரத்தைக் குறைத்தனர். முதலிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் உற்பத்தி 30 விழுக்காடு அளவுக்கு ஏறியது. பின்பு தந்த சலுகைகளையெல்லாம் நிறுத்திப் பழைய நிலைக்கே கொண்டுசென்று பார்த்தனர். அப்போதும் வாரத்தின் மொத்த உற்பத்தி வீழ்ந்துவிடவில்லை!

1928 முதல் இந்த ஆய்வோடு தொடர்பு கொண்ட ஹார்வர்டுப் பேராசிரியர் எல்டன் மேயோவும் அவரைச் சார்ந்தோரும் இதற்கு விளக்கம் கூறினர். விளக்கொளியோ ஓய்வோ காரணமன்று. தம்மீது ஒருவர் அக்கறை காட்டுகிறார், தம் கருத்தைக் கேட்கிறார் என்ற உணர்வும், சிறு குழுவுக்குள் மலர்ந்த நட்புமே காரணம் என்பது அவ்விளக்கத்தின் சாரம். ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட பெருநூல் இதனை உலகெங்கும் கொண்டுசென்றது. 'கவனிக்கப்படுகிறோம் என்றறிந்தால் மனிதர் மாறுகின்றனர்' என்பதற்கே 'ஹாதார்ன் விளைவு' என்ற பெயர் பிற்காலத்தில் நிலைத்தது. மனத்துக்கு இனிய முடிவு. மனிதநேயமுள்ள முடிவு. பாடநூல்கள் அதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

ஆனால் தராசைச் சோதிப்போர் சிலர் பின்னே வந்தனர். 1967இல் அலெக்ஸ் கேரி என்பவர் மூல நூலையே மீண்டும் எடுத்துப் படித்தார். ஐந்து பெண்களில் இருவர், அளவுமீறிப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீக்கப்பட்டு, வேறிருவர் அமர்த்தப்பட்டிருந்தனர். உற்பத்தியின் ஏற்றத்தில் அந்தப் புதியவர்களின் பங்கு பெரிது. கூலி கணக்கிடும் முறையும் மாறியிருந்தது. முன்பு பெருங்கூட்டத்தின் உழைப்பைக் கொண்டு கணக்கிடப்பட்ட கூலி, தனி அறையில் அச்சிறு குழுவின் உழைப்பை மட்டும் கொண்டு கணக்கிடப்பட்டது. பாடுபட்டவர் கைக்குப் பலன் நேரே வந்தது. அப்படியிருக்க, அன்பும் அக்கறையும்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று அவர் வினவினார். 1978இல் ஃபிராங்க், கௌல் என்ற இருவர் அந்த அறையின் கணக்குகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தனர். நிருவாகத்தின் கண்டிப்பும், 1929க்குப் பின் வந்த பொருளாதார வீழ்ச்சியும், ஓய்வு நேரமுமே ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதியை விளக்குகின்றன என்றனர். அழிந்துபோனதாகக் கருதப்பட்ட விளக்கொளிச் சோதனைக் குறிப்புகளைக் கண்டெடுத்து, லெவிட், லிஸ்ட் என்ற பொருளியலார் இருவர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆலை மூடியிருந்த ஞாயிறுகளில் விளக்கொளி மாற்றப்பட்டிருந்தது. திங்களன்று உற்பத்தி உயர்ந்திருந்தது. ஆனால் விளக்கை மாற்றாத வாரங்களிலும் திங்களன்று அவ்வாறே உயர்ந்திருந்தது! பாடநூல்கள் சொல்லும் பெருவிளைவுக்கு அந்தக் கணக்குகளில் உறுதியான சான்று இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும. அதே ஆலையில் 1931, 1932ஆம் ஆண்டுகளில் 14 ஆடவரைத் தனி அறையில் வைத்துக் கவனித்தனர். கவனிப்பவர் ஒருவர் அறையிலேயே இருந்தார். எனினும் உற்பத்தி ஏறவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்கள் தமக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதை மீறியவரைக் கேலி செய்தே அடக்கிவைத்தனர். கவனிப்பதே உற்பத்தியைக் கூட்டுமென்றால், அந்த அறையில் மட்டும் ஏன் கூட்டவில்லை?

இதனால் முன்னையோர் பொய் சொன்னார்கள் என்பது பொருளன்று. அவர்கள் கண்ட எண்களும் எண்களே, கணக்கும் கணக்கே. எண் ஒன்று, எண்ணுக்குக் கூறும் காரணம் வேறொன்று. ஒரே எண்ணுக்கு நான்கு காரணங்கள் பொருந்தலாம். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், மற்ற மூன்றையும் விலக்கியது எப்படி என்று சொல்லக் கடமைப்பட்டவர். யாரும் படிப்பதில்லை என்று சொல்லப்பட்ட அந்த இரண்டு பக்கங்கள் இருப்பது அதற்காகத்தான்.

காரணத்தைப் பற்றிய இந்த ஐயம் மேலை நாட்டார் புதிதாகக் கண்டதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில், தத்துவவாதிகளின் முரண்பாடுகளை எடுத்துக்காட்டி எழுதிய தஹாஃபுத் என்னும் நூலில், நெருப்பையும் பஞ்சையும் உவமையாக வைத்து இதனைப் பேசியிருக்கிறார்கள். நெருப்பு பஞ்சைத் தொடுகிறது, பஞ்சு எரிகிறது. தொட்டபோது எரிந்தது என்பதே கண்ணுக்குத் தெரிகிறது. தொட்டதனாலேயே எரிந்தது என்னும் கட்டாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லாம் இறைவனின் நாட்டப்படியே நிகழ்கின்றன என்பதை நிறுவுவது இமாமவர்களின் நோக்கம். ஸ்பெயின் நாட்டு இப்னு ருஷ்து அவர்கள் இதை மறுத்து ஒரு நூலே எழுதினார்கள். காரண காரியத் தொடர்பை மறுத்தால் அறிவுக்கே இடமில்லாமற் போகும் என்பது அவர்கள் வாதம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹ்யூம், இறை நாட்டத்தைப் பற்றிய பேச்சின்றி, ஏறத்தாழ அதே ஐயத்தை மீண்டும் எழுப்பினார். ஒன்றையடுத்து ஒன்று நிகழ்வதைப் பலமுறை பார்த்த பழக்கமே நம்மைக் 'காரணம்' என்று சொல்ல வைக்கிறது என்றார் அவர். நோக்கம் வேறு, நம்பிக்கை வேறு. ஆயினும், 'கண்டது எது, கண்டதன்மேல் நாமே ஏற்றிக் கூறுவது எது என்று பிரித்துப் பார்' என்ற எச்சரிக்கை இருவரிடமும் பொதுவாக இருக்கிறது.

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைத்தம் அவர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றார்கள். தாலமி என்னும் கிரேக்கப் பேரறிஞரின் நூல்களில் தமக்கெழுந்த ஐயங்களைத் தனி நூலாகத் தொகுத்த அவர்கள், உண்மையைத் தேடுவோர் முன்னோர் எழுத்தின்மீது மட்டுமல்லாமல் தம்மீதும் ஐயம் கொள்ள வேண்டும் என்று அதன் முன்னுரையில் வற்புறுத்துகிறார்கள். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் இதைவிடச் சுருக்கமாக யாரும் ஆராய்ச்சி நெறியைச் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கார்ல் பாப்பர் 1934இல் வெளியிட்ட நூலில், ஒரு கொள்கை அறிவியலுக்குரியதா என்று அறிய ஓர் உரைகல்லைத் தந்தார். எது நடந்தால் இக்கொள்கை தவறென்று ஒப்புக்கொள்வாய்? இதற்கு விடை சொல்ல முடியாத கொள்கை, எவ்வளவு அழகாயிருப்பினும், அறிவியல் ஆகாது. 1962இல் தாமஸ் கூன் வேறொரு பக்கத்தைக் காட்டினார். அறிஞர்களும் ஒரு கூட்டத்தார். ஒரு காலத்தில் அவர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்ட முன்மாதிரி ஒன்று இருக்கும். அதற்குப் பொருந்தாதவை நெடுங்காலம் ஓரத்தில் ஒதுக்கிவைக்கப்படும். ஒதுக்கியவை குவிந்து தாங்க முடியாமற் போகும்போதுதான் பெருமாற்றம் வரும் என்றார்.

பாப்பரும் கூனும் எடுத்துக்காட்டியவை பெரும்பாலும் விண்மீன்களும் அணுக்களுமாகும். விண்மீன் தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று நாணுவதில்லை. கேள்வித்தாளைப் படித்துவிட்டுப் பதிலை மாற்றிக்கொள்வதுமில்லை. மனிதன் அப்படியல்லன். ஆராயப்படும் பொருளே ஆராய்பவரை உற்றுப் பார்க்கும் துறைகள் மேலாண்மையும் தகவல் முறைமைகளும். இங்குதான் என் மகளுடைய மூன்றாம் அத்தியாயத்தின் உண்மையான சிக்கல் இருந்தது.

அவள் துறையில் அறிஞர்கள் இரண்டு பெரும் பாசறைகளாக நிற்கின்றனர். ஒரு சாரார், மனிதரின் செயல்களையும் வெளியே நின்று அளக்கலாம், அளந்து விதிகளைக் காணலாம் என்போர். இவர்களை நேர்க்காட்சி வாதிகள் என்று சொல்லுகின்றனர். மற்றொரு சாரார், மனிதன் தன் செயலுக்குத் தானே ஒரு பொருள் வைத்திருக்கிறான். அந்தப் பொருளை அவன் வாயிலாக அறியாமல் அளப்பது வீண் என்போர். இவர்கள் பொருள்விளக்க நெறியினர். 1991இல் ஒர்லிகோவ்ஸ்கி, பரூடி என்ற இரு அறிஞர்கள், 1983 முதல் 1988 வரை வெளிவந்த 155 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தனர். 96.8 விழுக்காடு முதல் வகையைச் சேர்ந்தவை, 3.2 விழுக்காடு மட்டுமே இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தராசு ஒருபுறமாகவே சாய்ந்திருப்பதை அவர்கள் எண்ணிக் காட்டிய பிறகே இரண்டாம் நெறிக்கு மெல்ல மெல்ல மதிப்பு கூடியது.

முதல் நெறியின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஃபிரெட் டேவிஸ் என்பவரின் 'தொழில்நுட்ப ஏற்பு மாதிரி'. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கி 1989இல் கட்டுரையாக வெளிவந்தது. ஒரு கணிப்பொறி முறையை மனிதர் ஏன் ஏற்கின்றனர்? அது தமக்குப் பயன்படும் என்று கருதுவதாலும், அதைக் கையாளுவது எளிது என்று கருதுவதாலும். இவ்விரண்டில் பயனைப் பற்றிய கருத்தே வலிமை மிக்கது. இவ்வளவுதான் அதன் சாரம். எளிமையே அதன் அழகு. உலகெங்கும் எண்ணற்ற மாணவர்கள் அதே மாதிரியைத் தம் ஊருக்கும் தம் துறைக்கும் பொருத்தி ஆராய்ந்து பட்டம் பெற்றனர்.

என் மகளும் அதிலிருந்தே தொடங்கினாள். 2017 ஜூலை முதல் நாளன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், நம் ஊர்களில் மளிகைக் கடை, துணிக்கடை, இரும்புக் கடை எனப் பலவும் கணிப்பொறியில் பில் போடத் தொடங்கின. பயனுள்ளது என்று எண்ணிய கடைக்காரரே அம்முறையை மிகுதியாகக் கையாளுவார் என்பது அவளுடைய முதற் கருதுகோள். சில நூறு கடைகளில் வினாநிரலைக் கொடுத்து விடை பெற்றாள். 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். ஏதேனும் ஒன்றில் குறியிட வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோது கருதுகோள் நிற்கவில்லை. பயனுள்ளது என்று எண்ணியவருக்கும் எண்ணாதவருக்கும் கையாளுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

வினாநிரலோடு நில்லாமல், இருபது கடைக்காரர்களிடம் அவள் உட்கார்ந்து பேசியும் இருந்தாள். விடை அந்தப் பேச்சுக்குள் இருந்தது. "ஆடிட்டர் வாங்கச் சொன்னார், வாங்கினேன். மாதம் பிறந்தால் அவருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். பிடிக்கிறதா இல்லையா என்று என்னை யார் கேட்டார்கள்?" என்றார் ஒருவர். கட்டாயத்தால் கையாளும் இடத்தில், விருப்பத்தைக் கொண்டு கையாளுதலை விளக்க முடியாது. வெங்கடேசும் டேவிசும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலேயே, தானாக விரும்பிக் கையாளுவதும் கட்டாயத்தால் கையாளுவதும் வேறு என்று கணக்கில் கொண்டிருக்கின்றனர். ஆனால் நம் சிறு கடைகளில் அந்தக் கட்டாயம் ஆடிட்டரின் வடிவில் வருகிறது என்பதைக் கடைக்காரர்களே சொல்லித் தர வேண்டியிருந்தது.

இன்னொரு முதியவரின் செய்தி எங்கள் இருவரையும் நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அவருடைய வினாநிரலில் எல்லா வரிகளிலும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்றே குறி இருந்தது. ஆனால் பேசும்போது அந்த இயந்திரத்தால் தமக்குத் தொல்லைதான் என்றார். பிறகு ஏனய்யா இப்படிக் குறியிட்டீர்கள் என்று மகள் மெல்லக் கேட்டிருக்கிறாள். "நீ படிக்கிற பிள்ளை. இல்லை, இல்லை என்று நான் போட்டுவைத்தால் உனக்கு மார்க் குறைந்துவிடாதா, மகளே?" என்றாராம் அவர்.

அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த கேள்வி வேறு. தாளில் அச்சிட்டிருந்த கேள்வி வேறு. இந்தப் பிள்ளைக்கு நான் உதவுவேனா என்ற கேள்விக்கு அவர் முற்றிலும் உடன்பட்டிருக்கிறார்! புள்ளியியல் அட்டவணைக்குள் அவருடைய அன்பு, இயந்திரத்தின் பயனாக மாறி உட்கார்ந்துகொண்டது. ஹாதார்ன் ஆலையில் அந்த ஐந்து பெண்கள் எந்தக் கேள்விக்கு விடையளித்தார்கள் என்று ஒரு நூற்றாண்டாக அறிஞர்கள் ஏன் வாதாடுகின்றனர் என்பது அப்போது எங்களுக்கு விளங்கிற்று.

சோதனை இனிமேல்தான் வந்தது. 'கருதுகோள் தோற்றுவிட்டதாக எழுதாதே. கட்டாயம் இருக்குமிடத்தில் பயனைப் பற்றிய கருத்து செல்லாது என்பதையே உன் முதற் கருதுகோளாக மாற்றி எழுது. முடிவு அதற்குப் பொருந்திவிடும். ஆறு மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம்' என்று துறையில் மூத்தவர் ஒருவர் அவளிடம் கூறினார். தீய எண்ணத்தால் கூறவில்லை. அது பலரும் செய்வதுதான். 1998இல் நார்பர்ட் கெர் என்ற உளவியலார், விடை தெரிந்த பிறகு கருதுகோளை எழுதி, முன்பே எண்ணியதுபோல் காட்டும் இவ்வழக்கத்துக்குத் தனிப் பெயரே சூட்டி, அதன் தீமைகளை விரிவாக எழுதியிருக்கிறார்.

தீமை என்ன? கணக்குத் தெரிந்தோர் எளிதில் உணர்வர். ஆண்டு முடிவில் இலாபத்தைப் பார்த்துவிட்டு, தொடக்கச் சரக்கிருப்பை அதற்கேற்றபடி எழுதுவோமா? எழுதினால் ஏடு கச்சிதமாகச் சரியாகும். ஆனால் அந்த ஏட்டிலிருந்து எவரும் எதையும் அறிய முடியாது. ஆராய்ச்சியிலும் அவ்வாறே. இருபதில் ஒருமுறை தற்செயலாகவும் வரக்கூடிய முடிவைச் சான்றென்று ஏற்பது இத்துறைகளின் வழக்கம். உண்மையில் தொடர்பே இல்லாத இருபது செய்திகளைச் சோதித்தால், சராசரியாக ஒன்று தற்செயலாகத் தொடர்புடையது போல் தோன்றும். அந்த ஒன்றை மட்டும் எடுத்து, 'இதைத்தான் நான் முன்பே எண்ணினேன்' என்று எழுதினால், தற்செயல் அறிவாகிவிடுகிறது. பாப்பரின் உரைகல்லில் உரைக்க ஒன்றுமே மிஞ்சாது. தோற்க முடியாத கருதுகோள் வென்றதாகச் சொல்வதில் பொருளில்லை.

இருந்தும், முடிவெடுப்பது எளிதாக இல்லை. அவளுடைய உதவித்தொகைக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. திருமணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. படிப்பு எப்போது முடியும் என்று அவ்வீட்டார் இருமுறை கேட்டுவிட்டனர். என் மனைவிக்கு இந்தத் தாமதம் பெருங்கவலை.

"ஒரு வரியை மாற்றி எழுதினால் என்னம்மா? கண்டது கண்டதுதானே? நீ ஒன்றும் இல்லாததை எழுதப் போவதில்லையே?" என்று அவள் தாய் கேட்டாள். நியாயமான கேள்வி. பேராசிரியர்களே கேட்கும் கேள்வி.

மகள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் முன்பே எண்ணியது இதுதான் என்று எழுதினால், நான் எண்ணாததை அந்தக் கடைக்காரர்கள் எனக்குச் சொல்லித் தந்தார்கள் என்பது மறைந்துவிடுமே, அம்மா. அது அவர்கள் தந்தது. நான் கொண்டுபோனதல்ல."

அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நம் பெரியவர்கள் அமானத் என்று சொல்வார்களே, நம்பி ஒப்படைத்ததை ஒப்படைத்தபடியே காப்பது, அதை அவள் சரக்குக்கும் பணத்துக்கும் மட்டுமின்றி, ஒருவர் தந்த விடைக்கும் உரியதாகக் கொண்டாள். முதற் கருதுகோள் எழுதியபடியே இருந்தது. அதனடியில், 'தரவுகள் இதனை ஆதரிக்கவில்லை' என்ற வரி சேர்ந்தது. பேச்சில் கிடைத்த புதிய விளக்கத்தை, 'இது ஆய்வின் முடிவில் எழுந்த எண்ணம். இனிமேல் சோதிக்கப்பட வேண்டியது' என்று பெயரிட்டுத் தனியே வைத்தாள். பெரியவரின் குறிகளைப் பற்றி ஒரு பகுதி எழுதினாள். மூன்றாம் அத்தியாயத்தின் அந்த இரண்டு பக்கங்கள் பதினெட்டுப் பக்கங்களாயின. எண்ணால் அறியக்கூடியது எது, கேட்டே அறியக்கூடியது எது, இரண்டும் முரண்படும்போது எதனை ஏன் ஏற்றேன் என்பதை அதில் அவள் தன் சொற்களில் எழுதியிருக்கிறாள். உதவித்தொகை நின்றபின் எட்டு மாதம் வீட்டுச் செலவில் வேலை நடந்தது. ஆய்வேடு இப்போது தேர்வாளர்களிடம் இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க இசைந்துவிட்டனர் என்பது இதற்கிடையே வந்த நற்செய்தி.

அறிவியல் தத்துவம் படித்தவர் அனைவரும் நேர்மையாளராகிவிடுவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேர்மையாக இருக்க விரும்புகிறவருக்கு, எந்த இடத்தில் நேர்மை தேவைப்படுகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. காட்டாவிட்டால், அவ்விடத்தைக் கடந்துவிட்டதே தெரியாமல் கடந்துவிடுவோம். வணிகத்தையும் கணிப்பொறியையும் ஆராய்வோருக்கு இது மற்றவரைவிடவும் கூடுதலாகத் தேவை. அவர்கள் எழுதும் முடிவுகளைக் கொண்டு நாளை ஒரு நிறுவனம் ஆட்களைக் குறைக்கும். ஓர் அரசு விதிகளை வகுக்கும். ஒரு சிறு கடைக்காரர் கடன் வாங்கி இயந்திரம் வாங்குவார். ஹாதார்ன் ஆலையின் ஒரு சிறு அறையில் ஐந்து பெண்களைக் கொண்டு கண்ட முடிவு, உலகெங்கும் எத்தனை மேலாளர்களின் நடையை மாற்றிற்று என்று எண்ணிப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

ஆராய்ச்சி செய்யும் மக்களையுடைய பெற்றோருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். 'எப்போது முடியும்?' என்று அவர்களைக் கேட்பது நம் வழக்கம். கேட்கட்டும், அதுவும் அன்புதான். அத்தோடு இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: 'நீ எண்ணாதது எதையாவது கண்டாயா?' அந்தக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லும் பிள்ளை உண்மையாகவே ஆராய்ந்திருக்கிறது. பட்டம் வர இன்னும் சில மாதங்கள் ஆனாலும் ஆகட்டும்.